சால்வியா: பெயர் கேட்கும் முன் புல்லிவட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் இரண்டு சிவப்புச் சால்வியாச் செடிகள் உள்ளன. இரண்டும் ஸ்ப்லென்டென்ஸ் இனம்தானா?

பதில்: அல்லிவட்டம், அதாவது பூவின் இதழ்ப் பகுதி, உதிர்ந்த பிறகு இரண்டையும் பாருங்கள். ஸ்ப்லென்டென்ஸில் புல்லிவட்டமும் (இதழ்களை அடியில் தாங்கும் கிண்ணம்) பூவைப் போலவே சிவப்பாக இருப்பதால், பூ விழுந்த பின்னும் பூங்கொத்து சிவந்தே நிற்கும். காக்சினியா என்ற இனத்தில் பூ விழுந்ததும் பச்சையோ கருஞ்சிவப்புச் சாயலோ கொண்ட சிறு கிண்ணங்கள்தான் மிஞ்சும். அதன் பூக்கள் தண்டில் இடைவெளி விட்டு அடுக்கடுக்காக அமைந்திருக்கும். தானாக விதை விழுந்து முளைப்பதும் பெரும்பாலும் அதுவே.

கேள்வி: நீலப் பூ, உயரமான செடி. படம் இணைத்துள்ளேன். எந்த ரகம்?

பதில்: இவ்வளவை வைத்துக்கொண்டு பெயர் சொல்ல இயலாது. ஏறத்தாழ 1,000 இனங்கள் உள்ள பேரினம் இது. ஃபாரினேசியா, குவாரனிடிகா, பேட்டென்ஸ், யுலிஜினோசா எனத் தோட்டங்களில் வளர்க்கப்படும் நீலப்பூ இனங்களே பல. தூரத்திலிருந்து எடுத்த படம் ஒன்றுக்கும் உதவாது. ஊதாவை நீலமாகவும் நீலத்தை ஊதாவாகவும் கேமரா காட்டிவிடும். புல்லிவட்டம், இலையின் மேற்புறமும் அடிப்புறமும், கணுவோடு சேர்ந்த தண்டு ஆகியவற்றை அருகிலிருந்து படமெடுத்து அனுப்புங்கள். இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன்.

கேள்வி: 'பிளாக் அண்ட் புளூ' என்ற சீட்டோடு வாங்கிய செடியில் பூ அடர்நீலமாக இருக்கிறது, ஆனால் கருமை எங்கும் இல்லை. வளர வளரக் கறுக்குமா?

பதில்: கறுக்காது. உங்களிடம் இருப்பது குவாரனிடிகாவாக இருக்கலாம், ஆனால் 'பிளாக் அண்ட் புளூ' இல்லை. அந்த ரகத்தின் பெயரில் உள்ள கருமை அதன் புல்லிவட்டத்தைக் குறிப்பது. பூ விரியும் முன்பே புல்லிவட்டமும் பூங்கொத்தின் தண்டும் கருமையேறி, அவற்றிலிருந்து நீல அல்லிவட்டம் நீண்டு வெளியே வரும். பூ நீலமாகவும் புல்லிவட்டம் பச்சையாகவும் இருந்தால் 'புளூ எனிக்மா'வை நினைக்கலாம். வெளிர்நீலப் பூவானால் 'அர்ஜென்டைன் ஸ்கைஸ்'.

இங்கே பலமுறை சொன்ன ஒன்றை மீண்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தகைய ரகப் பெயர் ஒரே ஒரு செடிக்கு இடப்பட்டது; அந்தச் செடியிலிருந்து தண்டு வெட்டி நட்டோ வேர்ப் பகுதியைப் பிரித்தோ வந்தவற்றுக்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது. அதன் அடியில் விதை விழுந்து முளைத்த நாற்று அதன் பிள்ளைதானே தவிர, அதுவே ஆகிவிடாது. பக்கத்தில் வேறு சால்வியா இருந்திருந்தால் கலப்பாகவும் இருக்கலாம். நாற்றுகளைப் பிடுங்கித் தொட்டியில் வைத்துத் தாயின் பெயரையே சீட்டில் எழுதி விற்பவர்களும், நிறம் ஏறக்குறைய ஒத்துவந்தால் புகழ்பெற்ற பெயரை ஒட்டிவிடுபவர்களும் இந்தச் செடிகளின் அடையாளத்தையே குலைத்துவிடுகிறார்கள். அர்ஜென்டினாவில் ரோலண்டோ உரியா கண்டெடுத்த 'அமிஸ்டாட்' ரகத்தைத் தேடி நானே ஒரு செடி வாங்கினேன். கருஞ்சாயல் புல்லிவட்டத்தில் அடர்ஊதாப் பூவை எதிர்பார்த்துப் பல மாதம் காத்திருந்தேன். முதல் மொட்டு பச்சைப் புல்லிவட்டத்தோடு வந்து நீலமாக விரிந்தது. அதைப் பார்த்துவிட்டு அதிலிருந்து தண்டு வெட்டி வாங்கிப்போக வந்த மூன்று பேரிடமும், அதை அந்தப் பெயரால் அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சீட்டு தவறென்று உறுதியானால் அதைப் பிடுங்கிவிட்டு, இனப் பெயரை மட்டும் எழுதி வையுங்கள். ஃபாரினேசியாவில் 'விக்டோரியா', காக்சினியாவில் 'லேடி இன் ரெட்' போன்றவை விதை வழியாகவே பெருக்கப்படும் ரகங்கள்; அவற்றுக்கு இந்த எச்சரிக்கை அவ்வளவாகப் பொருந்தாது.

கேள்வி: 'ஹாட் லிப்ஸ்' செடியில் சிவப்பும் வெள்ளையும் கலந்த பூக்கள் போய் முழுச் சிவப்பாகப் பூக்கிறது. வேறு செடி முளைத்துவிட்டதா?

பதில்: அதே செடிதான். வெப்பம் மாறும்போது அதன் நிறமும் மாறும். முழுச் சிவப்பு, இருநிறம், முழு வெள்ளை ஆகிய மூன்றும் ஒரே செடியில் வந்து போகும். ஒரு மாதப் பூவை வைத்து இதன் பெயரை மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: லூகாந்தாவில் வெள்ளைப் பூ உள்ளது அசலா, முழு ஊதா அசலா?

பதில்: இரண்டும் லூகாந்தாவே. வெல்வெட் போன்ற ஊதாப் புல்லிவட்டத்திலிருந்து வெள்ளைப் பூ நீட்டுவது ஒரு வடிவம். புல்லிவட்டமும் பூவும் ஊதாவாக இருப்பது மற்றொன்று, 'மிட்நைட்' என்று விற்கப்படுவது.

கேள்வி: 'இண்டிகோ ஸ்பயர்ஸ்', 'மிஸ்டிக் ஸ்பயர்ஸ்' இரண்டையும் உயரத்தைக் கொண்டு பிரித்துவிடலாமா?

பதில்: நிலத்தில் நட்டு முழுதாக வளர்ந்தவை என்றால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். முன்னது சுமார் 4 அடி உயர்ந்து சாய்ந்து படரும். பின்னது அதிலிருந்தே கிடைத்த குட்டை வடிவம், இரண்டரை அடி அளவில் கச்சிதமாக நிற்கும். தொட்டியில் வேர் நெருங்கிப்போன செடியின் உயரத்தை எதற்கும் சான்றாகக் கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் பெற்றோரில் ஒன்றான ஃபாரினேசியாவோடு குழப்பினால், பூத்தண்டையும் புல்லிவட்டத்தையும் பாருங்கள். மாவு தூவியதுபோல் வெண்மை அடர்ந்து படிந்திருப்பது ஃபாரினேசியாவில்தான்.

கேள்வி: ரோஸ்மேரியும் சால்வியா என்கிறார்களே?

பதில்: ஆம். 2017 முதல் சால்வியா ரோஸ்மரினஸ் என்ற பெயர் பரவலாக ஏற்கப்பட்டுவிட்டது.

கேள்வி: விரிடிஸ் செடியின் உச்சியில் உள்ள இளஞ்சிவப்பு இதழ்கள் வாரக்கணக்கில் உதிரவில்லை. ஏன்?

பதில்: அவை இதழ்கள் அல்ல, நிறமேறிய பூவடிச்செதில்கள், அதாவது இலை போன்ற உறுப்புகள். உண்மையான பூக்கள் அவற்றுக்குக் கீழே கணுக்களில் சிறியதாக ஒளிந்திருக்கும்.

கேள்வி: அஃபிசினாலிஸ் 'ட்ரைகலர்' செடியில் ஒரு கிளை முழுப் பச்சையாக வந்துள்ளது. புது ரகமா?

பதில்: இல்லை, பழைய பச்சை வடிவத்துக்குத் திரும்பும் கிளை அது. வண்ண இலைக் கிளைகளைவிட வேகமாக வளர்ந்து செடியை மூடிவிடும் என்பதால், தோன்றிய இடத்திலேயே அடியோடு வெட்டிவிடுங்கள்.