சாட்டிலைட் இருக்கும்போது ஆர்க்டிக் கரையை அளக்க ஆளுங்க ஏன் நேர்ல போறாங்க?

நல்ல கேள்வி தான், நானும் போறதுக்கு முன்னாடி இதையே கேட்டிருக்கேன். ஜெர்மனில மாஸ்டர்ஸ் பண்ணப்போ ஒரு டீமுக்கு எடுபிடியா கனடால யூகான் கரைக்கு பக்கத்துல இருக்கிற ஹெர்ஷல் தீவுக்கு ஒரு சம்மர் போனேன் (அங்க உள்ள இனுவியாலுயிட் மக்களுக்கு அது கிகிக்தருக்).

கரை எவ்ளோ உள்ள வாங்கியிருக்குன்னு மேலருந்து எடுத்த படத்துலயே தெரியும், அதுல டவுட்டே இல்ல. அலாஸ்கால ட்ரூ பாயிண்ட் பக்கம் 60 கிலோமீட்டர் கரையை அப்படித் தான் கணக்கு போட்டாங்க, 1955-79ல வருஷத்துக்கு சராசரியா 6.8 மீட்டர் போய்ட்டு இருந்தது 2002-07ல 13.6 மீட்டர் ஆயிருச்சு. ஆனா இங்க இவ்ளோ வேகமா போகுதே, அந்தாண்ட கரை மட்டும் ஏன் அசையாம நிக்குதுன்னு கேட்டா படம் பதில் சொல்லாது, ஏன்னா பதில் மண்ணுக்குள்ள இருக்கு.

அந்தக் கரை மண்ணு பெர்மாஃப்ராஸ்ட். அப்படின்னா குறைஞ்சது ரெண்டு வருஷம் தொடர்ந்து சைபர் டிகிரிக்கு மேல போகாத தரை, அவ்ளோ தான், ஐஸ் இருந்தே ஆகணும்னு இல்ல. சில இடத்துல வெறும் பாறை, சில இடத்துல பாதிக்கு மேல ஐஸ். ஐஸ் நிறைய இருக்கிற கரைல அலை வந்து அடிய குடைஞ்சுரும், மேல இருக்கிற மண்ணு உள்ள இருக்கிற ஐஸ் பிளவு வழியா பிரிஞ்சு லாரி சைஸ் பாளமா கடல்ல விழும், அது உருகினதும் அடுத்த அலையை தடுக்க அங்க மண்ணே மிஞ்சாது.

அதனால டிரில் மெஷினை தூக்கிட்டு போய் துளை போட்டு உறைஞ்ச மண்ணை உருளையா எடுக்கணும், உருகாம லேப் வரைக்கும் கொண்டு வரணும், அங்க வெட்டி எடை போட்டு காய வச்சு திரும்ப எடை போட்டா தான் எவ்ளோ ஐஸ்னு தெரியும். மேல் மண்ணு எவ்ளோ உருகியிருக்குன்னு பார்க்க இன்னும் சிம்பிள், ஒரு இரும்புக் கம்பிய குத்தணும், ணங்குன்னு நிக்கிற இடத்துல அளவு எடுக்கணும், நாலு அடி தள்ளி திரும்ப குத்தணும், நாள் பூரா இதே வேலை, என் பங்கு பெரும்பாலும் இதுதான். டீம்ல ஒருத்தர் துப்பாக்கியோட கரடி வருதான்னு பாத்துட்டு நிப்பார், அவருக்கு வேற வேலையே கிடையாது.

ஹெர்ஷல்ல சரிவு அப்படியே உருகி இறங்கின பெரிய பெரிய சேத்துக் குழிங்க இருக்கு. மேல் ஓரத்துல கருப்பு மண்ணுக்கு நடுவுல ஐஸ் சுவரா தெரியும், வெயில் பட்டா சொட்டிக்கிட்டே இருக்கும், ஆயிரக்கணக்கான வருஷமா மூடிக் கிடந்த மண்ணு திறந்ததுல ஒரு மாட்டுத்தொழுவ நாத்தம் வேற. காய்ஞ்ச தரை மாதிரி இருக்கேன்னு கால் வச்சா முழங்கால் வரை இறங்கும், கால் மட்டும் வரும் பூட்ஸ் வராது.

நீங்க சொல்ற சாட்டிலைட் வழி ஒரு இடத்துல இப்ப கட்டாயத்துல நடக்குது. ஆர்க்டிக் கரைல பாதிக்கு மேல ரஷ்யால இருக்கு, அங்க சைபீரியால லீனா ஆறு கடல்ல கலக்கிற டெல்டால 1998லேர்ந்து ஜெர்மன்காரங்களும் ரஷ்யக்காரங்களும் சேர்ந்தே அளந்துட்டு இருந்தாங்க, 2022ல உக்ரைன் போர் வந்து கூட்டு வேலை நின்னு போச்சு. ஐரோப்பால இருக்கிறவங்க இப்ப அந்தக் கரையை மேலருந்து தான் பாக்குறாங்க, கரைக்கோடு நல்லாவே தெரியுது, அடில எவ்ளோ ஆழத்துல எவ்ளோ டிகிரின்னு சொல்ல அவங்க ஆள் யாரும் அங்க இல்ல.