வடிகட்டினால் மாசு அழிந்துவிடுமா? பி.எஃப்.ஏ.எஸ் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: பி.எஃப்.ஏ.எஸ் (கார்பனும் ஃப்ளூரினும் பிணைந்த, எளிதில் சிதையாத செயற்கை வேதிப்பொருள்களின் குடும்பம்) கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதாதா?

பதில்: போதாது. கார்பனுடன் வேறொரு தனிமம் அமைக்கும் ஒற்றைப் பிணைப்புகளிலேயே மிக வலியது ஃப்ளூரினுடனானது. அடுப்பின் சூட்டுக்கு அது அசையாது. நீர் ஆவியாகக் குறைய, மாசு பாத்திரத்திலேயே தங்கி இன்னும் செறிவாகிவிடும்.

கேள்வி: வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே?

பதில்: நல்ல நிலையில் உள்ள ஆர்.ஓ. குடிநீரிலிருந்து பெரும்பகுதியை நீக்கிவிடும். ஆனால் நீக்கியது எங்கே போகிறது என்பதே என் கவலை. அது கழிவுநீர்க் குழாய் வழியாக மீண்டும் மண்ணுக்குத்தான் போகிறது. கரி வடிகட்டியும் அப்படியே. நிறைந்த கரியை எங்கே கொட்டினாலும் மாசு இடம் மாறுகிறதே தவிர அழிவதில்லை.

கேள்வி: வில்லியம் டிக்டெலின் ஆய்வு எந்த வகையில் புதியது?

பதில்: அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவ்வேதியியலாளர் பிடிப்பது, அழிப்பது என்ற இரண்டு வேலைகளிலும் கைவைத்தவர் என்பதால் அவர்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் கிண்ண வடிவ மூலக்கூறுகளைக் கோத்து, நீரிலுள்ள நுண்மாசுகளை உறிஞ்சும் பாலிமர்களை அவர் குழு முன்பே உருவாக்கியிருந்தது. 2022-இல் அவரும் மாணவி பிரிட்டனி ட்ராங்கும் பிறரும் வெளியிட்ட ஆய்வு அழிக்கும் வழியைக் காட்டியது. பி.எஃப்.ஏ.எஸ் குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ. போன்ற மூலக்கூறின் ஃப்ளூரின் போர்த்திய நீண்ட வாலை நேரே தாக்காமல், அதன் கார்பாக்சிலேட் (கார்பனும் ஆக்சிஜனும் கொண்ட அணுத்தொகுதி) தலையைக் குறிவைத்தார்கள். டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து 80 முதல் 120 டிகிரி செல்சியசில் சூடாக்கியபோது தலை கழன்றது. அதன்பின் வால் படிப்படியாகச் சிதைந்து ஃப்ளூரைடு அயனிகளாக வெளிவந்தது. இம்மாசை எரித்து அழிக்க முயலும் எரியூட்டிகளின் கடும் வெப்பத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு எளிமை என்பது விளங்கும்.

கேள்வி: அப்படியானால் குழாய்த் தண்ணீரில் இதைச் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. முதலில் மாசைப் பிடித்துச் செறிவாக்கிய பிறகே இம்முறைக்கு வேலை. தலையில் சல்ஃபோனேட் (கந்தகம் கொண்ட அணுத்தொகுதி) உள்ள பி.எஃப்.ஓ.எஸ். போன்ற பி.எஃப்.ஏ.எஸ் வகைகள் இதற்கு மசியவும் இல்லை.

கேள்வி: பரிசோதனைக்கு எந்தப் பாட்டிலில் தண்ணீர் எடுப்பது?

பதில்: பாலிபுரோப்பிலீன் பாட்டில் எடுங்கள், மூடியின் உட்புறம் ஃப்ளூரின் கொண்ட டெஃப்லான் பூச்சு இருக்கக் கூடாது, குழாய் மரைகளில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பையும் கிட்டே கொண்டுவராதீர்கள். 2024-இல் அமெரிக்கா பி.எஃப்.ஓ.ஏ.வுக்கு விதித்த குடிநீர் வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம்தான். இவ்வளவு நுண்ணிய அளவைத் தேடும்போது, மூடியிலிருந்து கசியும் துளியும் முடிவைக் கெடுத்துவிடும்.