பிறந்த குழந்தைக்கு ரத்தத்தில் கிருமித் தொற்று வந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுமா?

தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டுதான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இதே சிங்கப்பூரில் நானும் அப்படி உட்கார்ந்திருந்தவள். நான் மருத்துவர் இல்லை, அதை யாரும் வந்து சொல்லிக்காட்ட வேண்டாம். மருத்துவர்களைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

பாதிக்கலாம். பாதித்தே தீரும் என்று கிடையாது.

என் மகன் 29 வாரத்தில் பிறந்தான். பனிக்குடத்திலேயே தொற்று, பிறகு ரத்தத்திலும். கிருமி மூளைக்குள் போகாவிட்டாலும், அதை எதிர்க்க உடம்பு கிளப்பும் அழற்சி மூளையைத் தொடும் என்று மருத்துவர் விளக்கினார். மூளையில் மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் இருக்கின்றன. வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கத்தரித்துவிடுவதும் அவற்றின் வேலை. அழற்சி வந்தால் அவை சண்டைக்குக் கிளம்பிவிடும், வளர்ச்சி வேலை தடுமாறும். நரம்பிழைகளுக்கு, மின்கம்பிக்கு ரப்பர் உறை மாதிரி, மேலுறை போட வேண்டிய இளம் செல்கள் வேறு கர்ப்பத்தின் 23 முதல் 32 வாரம் வரை எளிதில் அடிபடும். குறைமாதக் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம் என்பது இதனால்தான்.

உச்சிக்குழியில் ஜெல் தடவி, சின்னக் கருவியை வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். அவன் முகம் சுளித்தான், தாதி ஒரு விரலால் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். படத்தில் பெரிதாக எதுவும் இல்லை. "நுட்பமான பாதிப்பு இதில் தெரியாமல் போகலாம், வளர்ச்சியைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்" என்றார் மருத்துவர். அவர் மழுப்பாமல் சொன்னதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

சொந்தக்காரர்கள் சும்மா இருந்தார்களா? பப்பாளி சாப்பிட்டாளாம், வேலைக்குப் போனாளாம். பனிக்குடத் தொற்று பெரும்பாலும் கீழிருந்து மேலேறும் கிருமியால் வருவது. பப்பாளிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? உங்களிடமும் யாராவது இப்படிப் பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அவனுக்குப் பேச்சு தாமதமாகத்தான் வந்தது. அப்போது பாலர் பள்ளியில் ஒருவர், "வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்றார். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் தொடர்பில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை என்று ஆய்வுகள் தெளிவாகச் சொல்கின்றன. பாட்டியோடு பேசும் மொழியைப் பிடுங்கிவிட்டு அந்தப் பிள்ளை யாரோடு பேசும்? நான் நிறுத்தவில்லை. இப்போது தொடக்கநிலை 3 படிக்கிறான். கணக்கில் கொஞ்சம் மெதுவு, கவனம் சிதறும். பேச்சுக்குக் குறைவில்லை, இரண்டு மொழியிலும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முடிந்தால் தாய்ப்பால் கொடுங்கள், குறைமாதக் குழந்தைக்கு வரும் ஆபத்தான குடல் அழற்சியை அது குறைக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரும் அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். குழந்தை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் வளர்ச்சிப் பரிசோதனை எதையும் தவறவிடாதீர்கள், வயதைக் கணக்கிடும்போது பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ணச் சொல்லுங்கள்.