டிசம்பர் கடைசி வாரத்தில் பிறந்தநாள் வருகிறது. நண்பர்கள் எல்லோரும் விடுமுறைக்குப் போய்விடுகிறார்கள். ஜனவரிக்குத் தள்ளிவைத்துக் கொண்டாடலாமா?

தள்ளிவைக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

என் பிறந்தநாள் டிசம்பர் 27. கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள், புத்தாண்டுக்கு இன்னும் ஐந்து நாள். உங்கள் கேள்வியைப் பார்த்ததுமே நடந்தது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பில் "27 யாரெல்லாம் ஃப்ரீ?" என்று போட்டிருப்பீர்கள். ஒருவர் ஊருக்குப் போகிறார். ஒருவர் குடும்பத்தோடு டூர். இரண்டு பேர் பார்த்துவிட்டுப் பதிலே போடவில்லை. கடைசியில் ஒருவர், நல்ல மனதோடுதான், "ஜனவரில வெச்சுக்கலாமே, எல்லாரும் வந்துடுவாங்க" என்று எழுதியிருப்பார். அதைப் படித்த கையோடு இங்கே வந்து கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள். என் வாழ்க்கையில் அப்படித்தான் நடந்தது.

எங்கள் வீட்டில் அண்ணனுக்கு மே மாதம் பிறந்தநாள். அவனுக்கு மே மாதம் ஒரு பரிசு, கிறிஸ்துமஸுக்கு ஒரு பரிசு. எனக்கு ஒன்று. "ரெண்டுக்கும் சேர்த்து" என்று கொடுப்பார்கள். பெரிதாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 27-ஆம் தேதி காலையில் கண் விழித்தால் பிரித்துப் பார்க்க ஒன்றும் இருக்காது. எட்டு வயதில் அத்தை ஒரு பெட்டி கொடுத்தார். மணியும் நட்சத்திரமும் போட்ட சிவப்புத் தாள் சுற்றியிருந்தது. மேலே ஒட்டிய சீட்டில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே நீலப் பேனாவால் "பிறந்தநாளுக்கும்" என்று எழுதியிருந்தார். உள்ளே என்ன இருந்தது என்று இப்போது நினைவில்லை. அந்த "உம்" மட்டும் நினைவிருக்கிறது.

இதைச் சொன்னால் உடனே சிலர் வருவார்கள். "கிடைத்ததே பெரிது, உலகத்தில் எத்தனை குழந்தைகளுக்குப் பரிசே இல்லை" என்பார்கள். தெரியும். அத்தை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, கிறிஸ்துமஸ் மேலும் இல்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் இருக்கும் வெளிச்சமும் வாசனையும் எனக்கு உயிர். ஆனால் ஒரு குழந்தைக்கு, வருடத்தில் ஒரு நாள் தன் பேரைச் சொல்லி விடிய வேண்டும் என்று தோன்றுவது பேராசை இல்லை. பள்ளியிலும் அதே கதைதான். ஒவ்வொருவரையும் வகுப்பில் எழுப்பி நிறுத்தி எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். விடுமுறையில் பிறந்தவர்களுக்கு அது கிடையாது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு முறைகூட எனக்குப் பாடியதில்லை.

வளர்ந்த பிறகு நானே சரிசெய்து கொள்ளலாம் என்று நினைத்தேன். முப்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு ஓட்டலில் பன்னிரண்டு பேருக்கு மேசை பிடித்தேன். விடுமுறைக் காலம் என்பதால் வழக்கமான மெனு கிடையாது, எல்லோருக்கும் ஒரே சாப்பாடுதான் என்றார்கள், பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். சரி என்றேன். அன்றைக்கு என்னோடு சேர்த்து நான்கு பேர். ஒருவருக்கு விமானம் ரத்து, ஒருவருக்கு மாமியார் வீட்டிலிருந்து கிளம்ப முடியவில்லை, மற்றவர்களுக்கு ஆளுக்கொரு காரணம். எந்தக் காரணமும் பொய் இல்லை. அரை மணி நேரம் கழித்துப் பரிமாறுகிறவர் வந்து, "வேற யாரும் வர்றாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றதும் காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பக்கத்து மேசைக்கு எடுத்துப் போனார்கள். எட்டு நாற்காலி. அந்தக் கால்கள் தரையில் உரசிய சத்தத்துக்கு நடுவே நாங்கள் நான்கு பேரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தோம். வராத எட்டுப் பேரின் பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்றார்கள். கடைசியில் வந்த கேக்கில் புத்தாண்டு வாழ்த்து எழுதியிருந்தது.

அந்த இரவு ஒரு தோழிதான் சொன்னாள், "நீ பேசாம ஜூன் 27 வெச்சுக்கோடி, சரியா அரை வருஷம்" என்று. அவள் வாயால்தான் ஸ்டீவன்சன் கதையையும் முதலில் கேட்டேன். உங்களுக்கும் அது ஆறுதலாக இருக்கும். ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் கடைசிக் காலத்தில் சமோவா தீவில் வாழ்ந்தார். அங்கே நில ஆணையராக இருந்த அமெரிக்கர் ஒருவரின் மகள் ஆனி ஐட். அந்தப் பெண் பிறந்தது டிசம்பர் 25. தனக்கென்று ஒரு பிறந்தநாள் இல்லையே என்ற அவளுடைய வருத்தம் ஸ்டீவன்சன் காதுக்கு வந்தது. அவர் சட்டம் படித்து வழக்கறிஞராகப் பதிவு செய்தவர். 1891-இல் முறைப்படி ஒரு பத்திரம் எழுதி, நவம்பர் 13 என்ற தன் பிறந்தநாளை அவளுக்கு உரிமை மாற்றிக் கொடுத்துவிட்டார். நல்ல உடை உடுத்தி, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, பரிசும் வாழ்த்தும் பெற்று அந்த நாளை அனுபவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. தவறினால் அந்த நாள் அமெரிக்க அதிபருக்குப் போய்விடும் என்றும் எழுதியிருந்தார்.

கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு பெரிய மனிதர் அந்தப் பெண்ணின் வருத்தத்தைச் சின்ன விஷயம் என்று தள்ளாமல் பத்திரம் எழுதும் அளவுக்கு மதித்திருக்கிறாரே. அந்த வேகத்தில் ஜூன் 27-ஐயும் முயன்று பார்த்தேன். எல்லோரும் வந்தார்கள், சாப்பாடும் நன்றாகவே இருந்தது. மெழுகுவர்த்தியை ஊதும்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஆனி ஐட்டுக்குக் கிடைத்தது ஒருவர் மனதாரக் கொடுத்த நாள். நான் காலண்டரில் பார்த்து எடுத்துக்கொண்டது வெறும் தேதி. உங்கள் ஜனவரியும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு சொல்கிறேன். தள்ளிவைத்துச் சந்தோஷமாக இருப்பவர்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு அதில் முழு மனது இருந்திருந்தால் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கப் பிறப்புப் பதிவுகளில் மிகக் குறைவான பிறப்புகள் உள்ள நாள் டிசம்பர் 25. திட்டமிட்டுச் செய்யும் பிரசவ அறுவை சிகிச்சைகளையும், மருந்து கொடுத்து வலி வரவைக்கும் பிரசவங்களையும் விடுமுறையில் வைப்பதில்லை என்பது அதற்கு முக்கியக் காரணம். அதாவது அன்று பிறக்கிற குழந்தைகளில் பெரும்பாலோர் தாங்களாகக் கிளம்பி வந்தவர்கள். இதை அம்மாவிடம் சொன்னபோது, "ஆமா, உன்னைய யாரும் கூப்பிடல, நீயாத்தான் வந்தே" என்று சொல்லிக் கன்னத்தைத் தடவினார். அதற்குப் பிறகு அந்தத் தேதியை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வருடம் 27-ஆம் தேதி எனக்கு அலுவலகத்தில் டியூட்டி. இதைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். கல்யாணம் ஆகாதவர்கள், குழந்தை இல்லாதவர்கள் என்றால் விடுமுறை வாரத்து டியூட்டியெல்லாம் நம் தலையில்தான். "உங்களுக்கு என்ன, ஃபேமிலி கமிட்மென்ட் இல்லையே" என்று மேலாளர் சொல்வார். குழந்தை உள்ளவர்களுக்கு அந்த வாரம் விடுப்பு வேண்டும், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் வருடா வருடம் அதே மூன்று பேர்தான் என்றால் அது என்ன நியாயம்? எனக்கும் வயதான அப்பா அம்மா இருக்கிறார்கள். சுழற்சி முறை வையுங்கள் என்று எழுத்தில் கொடுத்தேன். இன்று வரை பதில் இல்லை.

அந்த டியூட்டிதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. ஊருக்குப் போனவர்களையே எண்ணிக்கொண்டிருந்த நான், போகாதவர்களை அன்றுதான் பார்த்தேன். என்னோடு டியூட்டியில் மாட்டிய ஒருவர். மேல்வீட்டில் நர்ஸாக வேலை பார்க்கும் அக்கா, இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தனியாக இருந்தார். கல்லூரித் தோழி ஒருத்தி, நவம்பரில் அப்பா தவறியதால் எங்கேயும் போகாமல், யாரிடமும் சொல்லாமல் வீட்டிலேயே இருந்தாள். அவளைக் கூப்பிடத் தயங்கினேன். துக்க வீட்டுப் பெண்ணைப் பிறந்தநாளுக்குக் கூப்பிடுவதா என்று. "கொண்டாட்டமெல்லாம் இல்லடி, ராத்திரி ஒரு சூப் குடிக்க வா" என்றேன். ஏழு மணிக்கு வரச் சொன்னால் ஐந்தரைக்கே வந்து நின்றாள்.

மாலை நான்கு மணிக்குத்தான் சமையலை ஆரம்பித்திருந்தேன். சமையலறையில் அப்படியொரு குளிர், வெண்ணெய் கல்லாக இருந்தது. கேக்குக்குச் சர்க்கரையோடு அடிக்க வேண்டுமே. அடுப்பில் வைத்தால் உருகிவிடும், உருகினால் காற்று பிடிக்காது. தோழி ஒன்றும் பேசாமல் துருவியை எடுத்து, கேரட் துருவுகிற மாதிரி வெண்ணெயைத் துருவ ஆரம்பித்தாள். மஞ்சள் இழைகள் கிண்ணத்தில் குவிந்தன. ஐந்தே நிமிடத்தில் விரல் பட்டால் குழையும் பதத்துக்கு வந்துவிட்டது. "அப்பா சொல்லிக் கொடுத்தது" என்றாள். அதற்குப் பிறகு அவள் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். நான் கேரட்டை வெட்டி ஓவனில் வைத்தேன். குளிர்கால கேரட்டுக்கு ஒரு தனி இனிப்பு உண்டு, குளிரைத் தாங்குவதற்காக அது தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. எண்ணெயும் உப்பும் போதும், ஓரம் கறுக்கிற வரை விட்டுவிட வேண்டும். அலுவலக நண்பர் ரொட்டி வாங்கி வந்தார். நர்ஸ் அக்கா, சூப் ஊற்றுவதற்கு முன் கிண்ணங்களில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கினார். அந்த ஒரு வேலையால் சூப் கடைசி வாய் வரை சூடாக இருந்தது.

நான்கு பேர். ஓட்டலிலும் நான்கு பேர்தான். ஆனால் இங்கே ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை, ஏனென்றால் என்னிடம் இருந்ததே நான்கு நாற்காலி. நள்ளிரவு வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆகவே நீங்களும் அங்கிருந்து தொடங்குங்கள். "யார் ஃப்ரீ" என்று குரூப்பில் கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு டிசம்பரில் யாருமே ஃப்ரீ இல்லை. நவம்பர் முதல் வாரத்திலேயே, ஊரில் இருக்கப் போகிறவர்கள் யார் என்று தனித்தனியாகப் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு "27 சாயங்காலம் என் வீட்டில் சூப்பும் ரொட்டியும்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். என்ன சமைக்கிறீர்கள் என்று தெரிந்தால் ஆட்கள் வருவார்கள், இது என் அனுபவம். வீட்டில் செய்யுங்கள். அந்த வாரத்தில் எல்லோர் வயிற்றிலும் கேக்கும் இனிப்பும்தான் இருக்கும், அதனால் புளிப்பும் காரமுமாக, சுடச்சுட ஏதாவது கொடுங்கள். கேக் சிறியதாக ஒன்று போதும். அடுப்பில் காத்திருக்கக்கூடிய பண்டமாக இருக்கட்டும், தாமதமாக வருகிறவர்களுக்காக நீங்கள் படபடக்க வேண்டியதில்லை. ரொட்டி நீங்களே செய்வதாக இருந்தால், குளிரில் ஈஸ்ட் மந்தமாகிவிடும், மாவு உப்ப வழக்கத்தைவிட நெடுநேரம் ஆகும். அணைத்த ஓவனுக்குள் ஒரு கிண்ணம் வெந்நீரோடு மாவை வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள்.

ஊருக்குப் போகிற நண்பர்கள் மேல் கோபம் வேண்டாம். ஜனவரியில் அவர்கள் கூப்பிட்டால் போய்ச் சாப்பிட்டு வாருங்கள், நானும் போகிறேன். அது வேறு சாப்பாடு.

போன வருடம் எங்கள் வீட்டில் ஏழு பேர். "ஜூன்ல வெச்சுக்கோ" என்று சொன்ன அதே தோழி, ஊரிலிருந்து ஒரு நாள் முன்னதாகவே திரும்பி வந்தாள். கையில் ஒரு பெட்டி. கடையில் மணி, நட்சத்திரத் தாள்தான் இருந்ததாம், அதனால் வெறும் பழுப்புத் தாளில் சுற்றியிருந்தாள். மேலே "பிறந்தநாளுக்கு" என்று மட்டும் எழுதியிருந்தது. அவளிடம் அத்தை கதையை நான் சொன்னதே இல்லை.

இந்த வருடம் எட்டுப் பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாற்காலிக்கு மேல்வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். வெண்ணெயை மட்டும் முந்தின இரவே வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும்.