கடைசி டோஜ் கழற்றிய குல்லா

அன்புள்ள ஐயா,

வெனிஸ் குடியரசின் கடைசித் தலைவர், அதாவது கடைசி டோஜ், லுடோவிக்கோ மனின் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். ஆயிரம் ஆண்டுக் கடல் குடியரசை 1797இல் நெப்போலியனுக்குத் தாரைவார்த்துவிட்டு, “இன்றிரவு நம் படுக்கையில்கூடப் பாதுகாப்பில்லை” என்று புலம்பியவராம். காசு கொடுத்துப் பிரபுவான குடும்பமாம். இப்படி ஒரு கோழையிடம் பதவியைக் கொடுக்கலாமா? இவரைப் பற்றி என்ன புத்தகம் படிக்கலாம்?

ஒரு கல்லூரி மாணவன்

அன்புள்ள தம்பிக்கு,

பழைய பயணக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அந்தக் குறிப்பேட்டிலும் மனின்தான் இருந்தார்.

காசு விஷயம் உண்மை. 1651இல் 1 லட்சம் டுகாட் நாணயம் கொட்டித்தான் அந்தக் குடும்பம் பிரபுக்கள் பட்டியலில் ஏறியது. கிரீட் தீவுக்காகத் துருக்கியரோடு நடந்த போருக்குப் பணமில்லாமல் பட்டத்தை விற்றது குடியரசு. விற்றவரையும் கொஞ்சம் திட்டுங்கள்.

கோழை என்கிறீர்களே, அதற்குத்தான் கோபம் வருகிறது. டோஜ் என்றால் ராஜா என்று யார் சொன்னது? அயல்நாட்டுக் கடிதத்தை ஆலோசகர்கள் இல்லாமல் அவர் பிரிக்கக் கூடாது. அனுமதியில்லாமல் ஊரைவிட்டு நகரக் கூடாது. பதவியேற்கும்போதே இப்படி ஒரு கட்டுக் ‘கூடாது’களுக்குச் சத்தியம். ஒரு டோஜ் செத்ததும், அடுத்தவருக்கு இன்னும் என்ன கூடாது என்று யோசிக்க ஒரு குழு. தேர்தலோ, குலுக்கலில் 30 பேர், அதிலிருந்து குலுக்கி 9, அவர்கள் தேர்ந்தெடுக்கும் 40, பிறகு இப்படியே குலுக்கலும் தேர்வுமாக 12, 25, 9, 45, 11, கடைசியில் டோஜைத் தேர்ந்தெடுக்கும் 41 பேர். 1268 முதல் இந்தக் கூத்து, தனியொருவன் தலைதூக்கிவிடக் கூடாதென்று! ஐந்நூறு வருஷம் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, பீரங்கி வந்து நின்றதும் ஏன் கையை ஓங்கவில்லை என்றால்?

குடியரசைக் கலைக்க வாக்கெடுத்த மே 12 அன்று, பிரபுக்களின் பெருமன்றத்தில் இருந்தவர்கள் 537 பேர். 600 பேர் இல்லாவிட்டால் வாக்கெடுப்பே செல்லாது. வெளியே துப்பாக்கிச் சத்தம். ஊர் திரும்பும் வெனிஸ் படையின் டால்மேஷியச் சிப்பாய்கள் விடைபெறச் சுட்டது அது. கலகமென்று பயந்து, அவசரமாக ஓட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களில் ஒருவர் பெயராவது உங்கள் காணொளியில் வந்ததா?

மனின் தன் அறைக்குத் திரும்பினார். பதவித் தொப்பிக்கு அடியில் அணியும் வெள்ளைத் துணிக் குல்லாவின் நாடாவை அவிழ்த்து, வேலைக்காரர் பெர்னார்டோவிடம் நீட்டினார். “எடுத்துக்கொள், இனி எனக்கு இது வேண்டியிருக்காது” என்றாராம். அந்த இலையுதிர்காலத்தில், பஸ்ஸாரியானோவில் உள்ள மனினின் சொந்த மாளிகையில் தங்கிக்கொண்டுதான் நெப்போலியன் வெனிஸை ஆஸ்திரியாவுக்குக் கொடுக்கப் பேரம் பேசினார்.

வெனிஸ் ரயில் நிலையத்தை ஒட்டி ஸ்கால்சி தேவாலயம். ரயிலுக்கு நேரமிருந்ததால் பெட்டியை உருட்டிக்கொண்டே உள்ளே போனேன். தரையில் ஒரு கல்லில் இரண்டே லத்தீன் சொற்கள்: ‘மனினி சினெரெஸ்’. மனினின் சாம்பல். டோஜ் என்றுகூட இல்லை. சக்கரம் கல்லின் விளிம்பில் ஏறியிருந்தது. பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டேன்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள், இல்லையா? அப்புறம் எழுதுகிறேன்.