மூன்று தோணியில் எதில் முதலில் ஏறுவது?

அன்புள்ள அம்மா,

திருகோணமலையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மகளுக்குக் கணினித்துறையும் வேண்டும், அரச கொள்கை வேலையும் வேண்டும், ஊருக்குப் பயன்படும் தொழில் ஒன்றையும் நடத்த வேண்டும். மூன்று தோணியில் கால் வைத்தால் கடலில்தான் விழுவாள் என்று பயப்படுகிறீர்கள். ஒரே நேரத்தில் வைத்தால் விழத்தான் செய்வாள். ஆனால் ஒன்றில் உறுதியாக ஏறி அமர்ந்த பிறகு மற்ற இரண்டையும் அதோடு கட்டிக்கொள்ளலாம்.

இது ஆகாயக் கோட்டை அல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிந்துவைக்க இலங்கை மென்பொருளாளர்கள் உருவாக்கிய மென்பொருள்தான் ‘சஹானா’. பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் அது பயன்பட்டது. 2020இல் கொவிட் வந்தபோது சுகாதாரத் தரவுகளைத் திரட்டும் டி.எச்.ஐ.எஸ் 2 மென்பொருளில் இலங்கையில் அமைத்த கண்காணிப்பு முறையைப் பார்த்து மற்ற நாடுகளும் அமைத்துக்கொண்டன. இப்படியான வேலைக்கு நிரல் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. எந்த அலுவலர் எந்தப் படிவத்தை எப்போது நிரப்புகிறார் என்பதும் தெரிய வேண்டும். உங்கள் மகள் தேடுகிற இடம் அதுதான்.

முதல் தோணி தொழில்நுட்பம். சம்பளம் தருவதும், மற்ற இரண்டும் சறுக்கினால் தாங்குவதும் அதுவே. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் உண்டு, வீட்டிலிருந்தே போய்வரலாம். தேவையான உயர்தரப் பாடங்கள் கற்கைநெறிக்கு ஏற்ப மாறும். ஆகவே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை வரிக்கு வரி படித்துவிட்டே விருப்பத் தெரிவுகளை ஒழுங்குபடுத்துங்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி போதாவிட்டால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பி.ஐ.டி (தகவல் தொழில்நுட்ப) பட்டம் இருக்கிறது. முதலாம் ஆண்டை முடித்ததும் டிப்ளோமாவோடு விலகவும் முடியும் என்பதால், கைச்செலவு இறுக்கமான வீட்டுக்கு அது பாதுகாப்பான வழி.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: சிங்களம். அரச சேவையில் இரண்டாவது அரசகரும மொழித் தேர்ச்சி கட்டாயம். அதைவிட, கந்தளாயிலும் கோமரங்கடவலயிலும் ஆட்களோடு பேச முடியாதவருக்கு இந்த மாவட்டத்தின் பாதிதான் தெரியும். இப்போதே தொடங்கட்டும்.

இரண்டாவது தோணியான கொள்கை என்றவுடன் கொழும்பு என்று நினைக்க வேண்டாம். கிழக்கு மாகாண நிர்வாகம் இயங்குவது உங்கள் ஊரிலேயே. கச்சேரியும் (மாவட்டச் செயலகம்) 11 பிரதேச செயலகப் பிரிவுகளும் பஸ் தூரத்தில் இருக்கின்றன. மகளுக்கு ஒரே ஒரு பயிற்சி: யானையாலோ வெள்ளத்தாலோ பயிர் அழிந்த ஒரு விவசாயியின் இழப்பீட்டு விண்ணப்பம் எந்த மேசையில் தொடங்குகிறது, எத்தனை கையொப்பம் வாங்குகிறது, எங்கே தேங்கி நிற்கிறது என்று ஒரு தாளில் வரையட்டும். குறைந்தது 15 பேரிடமாவது கேட்கட்டும். விண்ணப்பித்தவர்களிடம் மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். அதைக் கையாளும் எழுதுவினைஞரிடமும் கேட்க வேண்டும்.

வாய்வழியாகக் கிடைக்காததற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். தருவதா மறுப்பதா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வரவேண்டும். பலர் இதில் தவறுவது கேள்வியில்தான். “ஏன் தாமதம்?” என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது கருத்து. “இந்த ஆண்டில் கிடைத்த விண்ணப்பங்கள், தீர்க்கப்பட்டவை, ஒவ்வொன்றின் திகதி” என்று கேட்டால் அது பதிவேடு, கொடுத்தாக வேண்டும்.

கிடைக்கிற கோப்புகள் பெரும்பாலும் அழுக்காகவே இருக்கும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியதை யுனிகோடுக்கு மாற்றாமல் தேடவோ வரிசைப்படுத்தவோ முடியாது. ஒரே கிராமத்தின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். பெயரை நம்பாமல் கிராம சேவையாளர் பிரிவு இலக்கத்தை வைத்தே அட்டவணைகளை இணைக்க வேண்டும். தகவல் இல்லாத கட்டத்தில் 0 போட்டால் சராசரி பொய் சொல்லும், வெறுமையாக விட வேண்டும். ஆட்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பகிர்கிற கோப்பில் இருக்கவே கூடாது. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. இந்த வேலையைச் சலிக்காமல் செய்கிற பிள்ளை எந்த நிறுவனத்துக்கும் பொன் போன்றவள்.

சமூகத் தொழில்முயற்சி கடைசித் தோணி. செயலியை முதலில் கட்டிவிட்டு அதற்கு ஆள் தேடுவதால்தான் அதிகமானவை மூழ்குகின்றன. பயன்படுத்துபவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர் என்பதே இந்தத் தொழிலின் சிக்கல். மீனவருக்கு உதவும் சேவைக்கு மீனவரே கட்டணம் கொடுப்பாரா, கூட்டுறவுச் சங்கம் கொடுக்குமா, பிரதேச சபை கொடுக்குமா? அந்தப் பதில் கிடைக்கும்வரை பதிவு வேண்டாம். நன்கொடையில் மட்டும் ஓடுவது நன்கொடை முடிகிற மாதத்தில் நின்றுவிடும். சிறிதாகத் தொடங்க, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவு போதும். உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்தால் இலாபத்தைப் பங்குபோட முடியாது. அது தெரியாமல் கையொப்பமிட்டு, பிறகு முதலீட்டாளரைத் தேடி அலைபவர்கள் உண்டு.

பட்டம் முடிந்தபின் இரண்டு மூன்று வருடம் சம்பள வேலை பார்க்கட்டும். நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சைக்கு எந்தத் துறைப் பட்டமும் போதும், ஆனால் வயதெல்லை உண்டு, வர்த்தமானியைக் கவனியுங்கள். பொதுக் கொள்கையில் முதுமாணி அதற்குப் பிறகுதான். அனுபவமில்லாமல் போனால் வகுப்பில் பேச எதுவும் இருக்காது. பிரித்தானியாவின் சீவ்னிங் புலமைப்பரிசிலுக்கு 2,800 மணிநேர வேலை அனுபவம் கேட்கிறார்கள். பகுதிநேரமும் தொண்டு வேலையும் சேரும், ஆனால் எந்தக் காலத்து வேலை சேரும் என்பதை அவர்களின் விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் நினைவிலிருந்து எழுதினால் கணக்கு உதைக்கும். இந்தக் கிழமையே ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள்: திகதி, இடம், செய்த வேலை, மணிநேரம், பொறுப்பாளரின் கையொப்பம்.