அம்மாவின் பீரோவில் பிரிக்காத பெட்ஷீட்கள்

தள்ளுபடியில் வாங்கிய பெட்ஷீட்டும் துண்டும் பீரோவை அடைத்துக் கிடக்கின்றன, யாருக்காவது கொடுக்கலாம் என்றால் அம்மா அழுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவருக்குத் தெரியாமல் எதையும் எடுத்துவிடாதீர்கள். என் அம்மாவும் இப்படித்தான். அவருக்கு அது வெறும் துணி இல்லை, திடீரென்று நாலு பேர் வந்தாலும் சமாளிக்கலாம் என்கிற தைரியம்.

முதலில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் உறைகளைப் பிரியுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். எலாஸ்டிக் வைத்த விரிப்புகள் வருடக்கணக்கில் சும்மா கிடந்தாலே தளர்ந்துவிடும். நாங்கள் பிரித்தபோது, விலைச்சீட்டுகூடக் கிழிக்காத வெள்ளை விரிப்பில் மடிப்பு நெடுக பழுப்புக் கோடு. அம்மா அதை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் தானே நான்கை எடுத்து என்னிடம் நீட்டினார்.

கட்டிலுக்கு 3 செட் போதும்: ஒன்று மெத்தையில், ஒன்று துவைக்க, ஒன்று அலமாரியில். மீதி யாருக்கு என்பதை அவரே சொல்லட்டும்.